உஷார்! சதுர அடி ரேட்டை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள்

‘சதுர அடி 1,999 ரூபாய்தான். சாவியை மட்டும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்!’ மின்கம்பத்துத் தட்டியிலும் ஆட்டோவின் முதுகிலும் ஃபேஸ்புக் விளம்பரத்திலும் இப்படித்தான் கூவுகிறார்கள். மனை வாங்கி, பட்டா மாற்றி, வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்துவிட்ட குடும்பம் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நான்கு பில்டர்களைப் பார்த்து ‘ரேட் என்ன?’ என்று கேட்கிறது. 2,150, 2,300, 2,500, 2,800 என்று நான்கு பதில்கள் வருகின்றன. ரொம்பக் குறைவும் வேண்டாம், ரொம்ப அதிகமும் வேண்டாம் என்று நடுவில் ஒருவரைப் பிடித்து, நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறது.

அந்த அட்வான்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அந்த நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு வீடுகளின் விலை. ஒருவர் சொன்னதில் சம்ப் உண்டு, இன்னொருவர் சொன்னதில் இல்லை. ஒருவர் பால்கனியைப் பாதியாகக் கணக்கிடுகிறார், மற்றவர் முழுசாக. ஒருவர் ஜி.எஸ்.டி-யைச் சேர்த்திருக்கிறார், அடுத்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதில் எதைப் பார்த்து யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

குறைந்த ரேட், கூடுதல் செலவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இங்கே வரும் ரூபாய்க் கணக்கு உதாரணத்துக்குத்தான். கணக்கு எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

அரை கிரவுண்டு மனை. கீழே 750, மாடியில் 750, ஆக 1,500 சதுர அடி வீடு. முதல் பில்டர் சதுர அடிக்கு 2,150 ரூபாய் கேட்கிறார், இரண்டாமவர் 2,500. பெருக்கினால் 32,25,000 ரூபாயும் 37,50,000 ரூபாயும் வருகிறது. ஐந்தேகால் லட்சம் மிச்சம் என்று கால்கள் தானாக முதலாமவர் ஆபீஸ் பக்கம் திரும்பும்.

இப்போது பரப்பளவுக்கு வருவோம். போர்டிகோ 120, பால்கனி 60, மொட்டை மாடியில் படிக்கட்டு ஏறி நிற்கிற அறை 100, மொத்தம் 280 சதுர அடி. முதலாமவர் இதையெல்லாம் முழு ரேட்டில் சேர்க்கிறார். ஒப்பந்தத்தில் ‘மொத்தக் கட்டுமானப் பரப்பு’ என்று ஒரே வரி இருக்கும், அதற்குள் இவை அடக்கம். 1,780 சதுர அடிக்கு 38,27,000 ரூபாய் ஆயிற்று. இரண்டாமவர் இவற்றுக்குப் பாதிப் பரப்புதான் எடுக்கிறார். 1,640 சதுர அடிக்கு 41,00,000 ரூபாய். ஐந்தேகால் லட்ச வித்தியாசம் 2,73,000-க்கு இறங்கிவிட்டது. இன்னும் ஒரு செங்கல்கூட வரவில்லை.

அடுத்தது ‘எக்ஸ்ட்ரா’. முதலாமவரின் ரேட்டில் சம்ப் கிடையாது. 8,000 லிட்டர் சம்ப், லிட்டருக்கு 22 ரூபாய் என்று 1,76,000. செப்டிக் டேங்க் 6,000 லிட்டர், லிட்டருக்கு 20 வீதம் 1,20,000. பேஸ்மட்டம் தரையிலிருந்து இரண்டடி உயரம்தான் அவர் கணக்கு. தெரு மட்டம் ஏறிக்கொண்டே போகிற ஊரில் நாலடி வேண்டும், மண் நிரப்பவும் சுவர் ஏற்றவும் 60,000. மொட்டை மாடியில் தட்டோடு 850 சதுர அடி, 110 வீதம் 93,500. காம்பவுண்ட் சுவர் 100 அடி நீளம், அடிக்கு 1,400 வீதம் 1,40,000. எல்லாம் சேர்த்து 5,89,500. முதலாமவரின் வீடு 44,16,500-க்கு வந்து நிற்கிறது. இரண்டாமவருக்குக் காம்பவுண்ட் சுவர் மட்டும்தான் தனி. அவருடைய மொத்தம் 42,40,000.

சதுர அடிக்கு 350 ரூபாய் குறைவு என்று நம்பிப் போனவர் 1,76,500 ரூபாய் அதிகமாகக் கொடுக்கிறார். இந்த ‘எக்ஸ்ட்ரா’க்கள் ஒன்றாக வந்தால் யாராக இருந்தாலும் உஷாராகிவிடுவார்கள். அதனால்தான் ஒவ்வொன்றாக வரும். பேஸ்மட்டம் முடிந்ததும் ஒன்று, ரூஃப் போட்டதும் ஒன்று, பூச்சு நடக்கும்போது ஒன்று. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வேறு ஆள் தேட முடியாது என்கிற கட்டத்தில்தான் பெரிய தொகை வரும்.

இதற்கு மேலும் இரண்டு பேருமே பேசாத செலவுகள் இருக்கின்றன. போர்வெல், வேலைக்குத் தண்ணீர் லாரி, கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பு (வீட்டு இணைப்பைவிடக் கட்டணம் அதிகம்), அப்ரூவல் கட்டணம், கட்டடத் தொழிலாளர் நல நிதி, கேட், ஜன்னல் கிரில், தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யார் செலவு?’ என்று எழுதி வாங்காவிட்டால், அது உங்கள் செலவுதான்.

‘அல்லது அதற்கு இணையானது’

பில்டர் கொடுக்கும் பளபளப்பான பேக்கேஜ் தாளில் சிமென்ட், கம்பி, பெயின்ட், சுவிட்ச், குழாய் எல்லாவற்றுக்கும் பெரிய கம்பெனிப் பெயர்கள் இருக்கும். வரியின் கடைசியில் சின்ன எழுத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். இணையானது எது என்று முடிவு செய்பவர் பில்டர். நீங்கள் பார்த்து மயங்கிய கம்பெனிப் பொருள் வராமலே போகலாம், ஒப்பந்தப்படி அது தவறும் ஆகாது. அந்த மூன்று சொற்களை அடித்துவிட்டு, ‘வேறு பொருள் போட வேண்டுமானால் உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

டைல்ஸுக்கு ‘சதுர அடிக்கு 50 ரூபாய் வரை’ என்று இருக்கும். கடைக்குப் போய் 85 ரூபாய் டைல்ஸைக் கை காட்டினால் மிச்ச 35 ரூபாய் உங்கள் தலையில். வெட்டுச் சேதாரத்துக்கு வாங்கும் கூடுதல் டைல்ஸும் அதே விலைதான். ‘மெயின் டோர் தேக்கு’ என்றால் நிலை மட்டும் தேக்கா, கதவுப் பலகையும் தேக்கா? ‘எலெக்ட்ரிகல் வேலை அடக்கம்’ என்றால் எத்தனை பாயின்ட்? ‘பெயின்டிங் அடக்கம்’ என்றால் பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா, எமல்ஷன் எத்தனை கோட்? வெளிச்சுவர் ஒன்பது இன்ச்சா, ஆறு இன்ச்சா? இதையெல்லாம் கேட்டால் ‘சார், அதெல்லாம் நம்ம பார்த்துச் செய்வோம்’ என்று சிரிப்பவரிடம் இன்னும் கூடுதல் கவனம் தேவை. பார்த்துச் செய்கிறவருக்கு எழுதித் தருவதில் என்ன கஷ்டம்?

டைல்ஸும் பெயின்ட்டும் கண்ணுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் பத்து வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது கான்கிரீட்டும் கம்பியும். பேக்கேஜ் தாளில் ‘ஆர்.சி.சி’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த கிரேடு என்று கேளுங்கள். ஐ.எஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்-20 வேண்டும். கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டுக்கு அதே விதி எம்-30 கேட்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நாகப்பட்டினத்திலோ கடலோரம் மனை வைத்திருப்பவரிடம் எம்-20 போட்டு ரேட் குறைத்துக் காட்டினால், அந்த மலிவின் விளைவு, கம்பி துருப்பிடித்து, சில வருஷங்களில் பீமிலிருந்து காரை பெயர்ந்து விழும்போது தெரியும்.

மண்ணும் அப்படித்தான். ‘அஸ்திவாரம் ஐந்தடி வரை’ என்று ரேட்டில் போட்டிருப்பார்கள். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அங்கே சாதாரண ஐந்தடிக் கடைக்கால் தாங்காமல் போகலாம். குழி வெட்டிய பிறகு ‘மண் சரியில்லை சார், இன்னும் மூன்றடி போகணும், பைல் போடணும்’ என்று சொன்னால் அப்போது பேரம் பேச உங்களிடம் எதுவும் மிச்சம் இருக்காது. மண் பரிசோதனையை ரேட் கேட்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கம்பியை எடை போடுங்கள், தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள்

கம்பியில் நடக்கும் குறைப்பைக் கண்டுபிடிக்க இன்ஜினீயரிங் படிக்க வேண்டாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. லாரியில் வரும் கம்பி ஒன்றின் நீளம் பொதுவாக 12 மீட்டர், ஆகவே ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். 10 கிலோவுக்கும் கீழே போனால் அது ஐ.எஸ் 1786 தர விதி அனுமதிக்கும் வரம்புக்கு வெளியே போய்விட்டது. கம்பியின் உடம்பிலேயே கம்பெனிப் பெயரும் எஃப்.இ 500டி போன்ற கிரேடும் பொறித்திருக்கும். லாரி வரும்போது எடைமேடைச் சீட்டையும் உங்கள் சைட் முகவரி போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

ரூஃப் போடும் நாளில் வீட்டுக்காரர்கள் வடை, காபி ஏற்பாட்டில் இருப்பார்கள். அன்றைக்குத்தான் மிக்சர் மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். கான்கிரீட் கெட்டியாக இருந்தால் தள்ளுவது கஷ்டம், அதனால் ‘இன்னும் ஒரு குடம் ஊத்து’ என்று குரல் வரும். சாதாரணச் சூழலில் எம்-20 கான்கிரீட்டுக்குத் தண்ணீர், சிமென்ட் எடையில் 0.55 பங்கைத் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 27 லிட்டர். மழையில் நனைந்த எம்-சாண்ட்டில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குடம் கூடினால் பில்லில் எம்-20 இருக்கும், கூரையில் இருக்காது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, வைப்ரேட்டர் ஓடுகிறதா, பரிசோதனைக்கு 150 மி.மீ கியூப் எடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அந்த கியூபை 28 நாள் கழித்து லேபில் உடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தச் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

தண்ணீர் காட்டுவதும் இப்படி நழுவுகிற வேலைதான். இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு வரும் பி.பி.சி சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். வறண்ட வெயில் காலத்தில் 14 நாள். ‘கியூரிங் உரிமையாளர் பொறுப்பு’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு ரேட்டைக் குறைப்பவர்கள் உண்டு. நாளைக்கு விரிசல் விட்டால் ‘நீங்க சரியா தண்ணி காட்டலை’ என்று சொல்ல அந்த ஒரு வரி போதும்.

பணம் வேலையைத் தாண்டி ஓடுகிறதா?

நான்கு கொட்டேஷன்களையும் வாங்கியதும் ரேட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது பணம் கேட்கும் அட்டவணை. ஒரு மாதிரி அட்டவணை: ஒப்பந்தத்தன்று 15 சதவிகிதம், பேஸ்மட்டத்துக்கு 20, லிண்டலுக்கு 20, கடைசி ரூஃபுக்கு 25, பூச்சுக்கு 15, சாவி கொடுக்கும்போது 5.

கூட்டிப் பாருங்கள். ரூஃப் முடிந்தபோது 80 சதவிகிதம் போய்விட்டது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் நடந்திருக்கும் வேலை, மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதிதான். பூச்சு, தரை, கதவு ஜன்னல், எலெக்ட்ரிகல், பிளம்பிங், பெயின்ட் எல்லாமே இனிமேல்தான். இந்த இடத்தில் பில்டர் போனை எடுக்காமல் விட்டால் நஷ்டம் அவருக்கு அல்ல.

எல்லா பில்டர்களும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. பல இடங்களில் நடப்பது சுழற்சி. உங்கள் அட்வான்ஸ் முந்தைய சைட்டின் கம்பிக் கடை பாக்கிக்குப் போகிறது, உங்கள் ரூஃப் பணம் அடுத்த சைட்டின் பூமி பூஜைக்குப் போகிறது. புது ஒப்பந்தம் வந்துகொண்டிருக்கும் வரை வண்டி ஓடும். வராத மாதம் உங்கள் வீட்டில் கொத்தனார் காணாமல் போவார். வரப்போகும் அட்வான்ஸை நம்பித்தான் இவர்களில் சிலர் அடிமாட்டு ரேட் கொடுக்கிறார்கள். ஆகவே மிகக் குறைந்த ரேட்டும் மிக அதிகமான அட்வான்ஸும் ஒரே கொட்டேஷனில் இருந்தால் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முடிந்த வேலைக்கு மட்டும் பணம் என்பதுதான் உங்கள் விதியாக இருக்க வேண்டும். கட்டங்களைச் சின்னதாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த தவணை. வங்கி கட்டம் கட்டமாகக் கடன் கொடுக்கிறது என்று தெம்பாக இருக்காதீர்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருந்ததா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. மொத்தத்தில் 5 சதவிகிதத்தையாவது, ஒரு ஐப்பசி கார்த்திகை மழையை வீடு தாங்கியதைப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒழுகலும் ஓதமும் அந்த மழையில்தான் முகம் காட்டும்.

ஜி.எஸ்.டி, விலையேற்றம்: இரண்டு வரிகள், பல லட்சங்கள்

பொருளோடு சேர்த்துக் கட்டித் தரும் ஒப்பந்தத்துக்கு, பதிவு பெற்ற பில்டர் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி வசூலிக்க வேண்டும். மேலே பார்த்த 44,16,500 ரூபாய் வீட்டுக்கு அது மட்டும் 7,94,970 ரூபாய். ‘ரேட் வரி உட்பட’ என்று எழுத்தில் இல்லாவிட்டால் கடைசி பில்லில் இந்தத் தொகை குதிக்கும். தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் போட்டால் அந்தக் கூலிக்கு ஜி.எஸ்.டி விலக்கு உண்டு. பொருளை நீங்கள் வாங்கும்போது கடையிலேயே வரி கட்டிவிடுவீர்கள். எனவே லேபர் காண்ட்ராக்ட் மேஸ்திரியின் ரேட்டையும் முழு ஒப்பந்த பில்டரின் ரேட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர்கள் வரி, பொருள் சேதாரம், காவல், தினமும் சைட்டில் நிற்க வேண்டிய உங்கள் நேரம் நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘கம்பி, சிமென்ட் விலை உயர்ந்தால் வித்தியாசம் உரிமையாளர் தர வேண்டும்’ என்று ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. இறங்கினால்? அதைப் பற்றி மூச்சு இருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. விலையேற்றத்துக்கு மட்டும் ஷரத்து போட்டிருந்தவர்கள் அந்தக் குறைப்பில் தங்கள் பங்கை எந்த உரிமையில் கேட்பார்கள்? ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் ஒரே விதி, எந்தத் தேதி விலையை வைத்து, எத்தனை சதவிகிதத்துக்கு மேல் என்று தெளிவாக இருக்க வேண்டும். அல்லது ஷரத்தே வேண்டாம்.

ரெரா காப்பாற்றும் என்று இருக்காதீர்கள்

‘ஏதாவது ஆனால் ரெராவுக்குப் போகலாம்’ என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், மனையையோ கட்டிய வீட்டையோ விற்கும் நிறுவனங்களுக்கானது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ போடும் திட்டங்கள்தான் அதில் பதிவாக வேண்டும். கட்டுமானக் குறை வந்தால் ஐந்து ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்ற பாதுகாப்பு அங்கே இருக்கிறது. உங்கள் சொந்த மனையில் நீங்கள் ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு அந்தக் குடை விரியாது. அதே ஐந்து ஆண்டு உத்தரவாதம் உங்களுக்கும் வேண்டும் என்றால், உங்கள் ஒப்பந்தத்தில் நீங்களே எழுத வேண்டும்.

மிச்சம் இருப்பது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்றே சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே கேட்கும் முதல் கேள்வி ‘ஒப்பந்தம் எங்கே, பணம் கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே?’ என்பதாகத்தான் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியதோடு சரி என்றால் வழக்கு நிற்காது. ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகப் போகட்டும்.

அப்ரூவலிலும் ஒரு ஆபத்து. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் மாடியும் கட்ட, ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெற முடிகிறது. ‘அப்ரூவல் வாங்கித் தர ஒரு லட்சம்’ என்பவரிடம் அரசுக் கட்டண ரசீதைக் கேளுங்கள். விதிப்படிதான் கட்டுகிறேன் என்று சான்று சொல்பவர் நீங்கள் என்பதையும் மறக்காதீர்கள். பில்டர் பக்கவாட்டில் இரண்டடி இழுத்துக் கட்டினால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஆளை எப்படிப் பார்ப்பது?

பில்டர் காட்டும் மாடல் வீட்டைப் பார்த்துப் பயனில்லை. அவர் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சைட்டையும், கட்டி நாலைந்து வருஷம் ஆன ஒரு வீட்டையும் கேளுங்கள். பழைய வீட்டுக்கு அவர் இல்லாமல் போங்கள். மாடிப் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங்கில் ஈரத் தடம் இருக்கிறதா, பீமும் சுவரும் சேரும் இடத்தில் கோடு போட்ட மாதிரி விரிசல் ஓடுகிறதா, கைப்பிடிச் சுவர் தளத்திலிருந்து பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் ‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் வரும். அதற்குப் பதில் ‘முதலில் சொன்ன தொகை என்ன, கடைசியில் கொடுத்தது என்ன, எத்தனை மாதம் என்றார், எத்தனை மாதம் ஆச்சு?’ என்று கேளுங்கள். மூச்சுவிடாமல் எல்லாம் சொல்வார்.

நடக்கும் சைட்டில் கம்பி மண்ணில் கிடந்து துருவேறுகிறதா, சிமென்ட் மூட்டை தரையில் அடுக்கியிருக்கிறதா, முட்டுப் பிரித்த பீமின் அடியில் ஜல்லி வெளியே தெரியும் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜினீயர் வாரத்தில் எத்தனை முறை வருவார் என்று மேஸ்திரியைக் கேளுங்கள். அந்தப் பக்கத்து ஹார்டுவேர் கடையிலும் கம்பிக் கடையிலும் பேச்சுக் கொடுத்தால், அவருக்குக் கடன் தருகிறார்களா, ரொக்கம் கேட்கிறார்களா என்பது தெரிந்துவிடும். விசிட்டிங் கார்டில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டிருந்தால் ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவு எண்ணையும், இன்ஜினீயர் என்றால் உள்ளாட்சி அமைப்பில் பெற்ற பதிவையும் கேளுங்கள். தொழிலாளர்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்பதும் முக்கியம். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் முதலில் கதவைத் தட்டும் இடம் உங்கள் மனைதான்.

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது?

‘பிளான் ஃப்ரீ’ என்பதை முதலில் மறுத்துவிடுங்கள். இலவசப் பிளான் கொடுத்தவர் அவர் வசதிக்குத் தக்கபடி வரைந்திருப்பார், அதை வைத்து இன்னொருவரிடம் ரேட் கேட்கவும் முடியாது. நீங்களே ஒரு இன்ஜினீயருக்குக் கட்டணம் கொடுத்து, மண் பரிசோதனை அறிக்கையை வைத்து, வரைபடமும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் வாங்குங்கள். அவரிடமே அளவுப் பட்டியல் ஒன்றும் கேளுங்கள். தோண்டும் மண் எத்தனை கன மீட்டர், எந்த கிரேடு கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை கிலோ, சுவர் எவ்வளவு, பூச்சு எத்தனை சதுர அடி, எலெக்ட்ரிகல் பாயின்ட் எத்தனை, கதவு எந்த மரத்தில் எத்தனை என்று வரிசையாக இருக்கும். விலைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, அதே பட்டியலை நான்கு பில்டர்களுக்கும் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

அப்போது விளையாட்டு மாறிவிடும். ஒரே டிராயிங்குக்கு ஒருவர் கம்பி 6,000 கிலோ போதும் என்று ஒப்புக்கொண்டு, இன்னொருவர் ‘4,500 கிலோவிலேயே முடித்துவிடலாம்’ என்றால், அந்த ஒன்றரை டன் எங்கே மாயமானது என்று கேட்கலாம். ஒருவர் பூச்சுக்கு மட்டும் பாதி விலை போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம். எதையாவது கூட்டினாலோ குறைத்தாலோ எந்த விலையில் கணக்குத் தீர்ப்பது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பட்டியலை நிரப்ப மறுத்து, ‘நமக்கெல்லாம் சதுர அடி கணக்குதான் சார்’ என்று சொல்பவரை அந்த இடத்திலேயே கழித்துவிடலாம்.

கையெழுத்துப் போடும் முன் இத்தனையும் தாளில் இருக்கிறதா என்று ஒரு முறை விரல் வைத்துப் பாருங்கள்:

- பரப்பளவில் எது முழு, எது பாதி, எது கணக்கில் இல்லை.
- சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட், பேஸ்மட்ட உயரம், அஸ்திவார ஆழம் ஆகியவை ரேட்டில் உண்டா, இல்லையா.
- கான்கிரீட் கிரேடு, கம்பி கிரேடு, கியூப் பரிசோதனை.
- ஜி.எஸ்.டி உட்பட என்ற வரி.
- விலை ஏறினாலும் இறங்கினாலும் பொருந்தும் ஒரே விதி.
- முடிந்த வேலைக்கே பணம், மழைக்குப் பிறகு கடைசித் தவணை.
- முடிக்கும் தேதி, தாமதித்தால் மாதத்துக்கு எவ்வளவு பிடித்தம்.
- கூடுதல் வேலை எதுவானாலும் எழுத்தில் விலை பேசிய பிறகே தொடக்கம்.
- ஐந்து ஆண்டு கட்டுமான உத்தரவாதம்.
- இடையில் நின்றால், அளந்து கணக்குத் தீர்த்து ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை.

இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முகூர்த்தம் தள்ளிப் போகிறதே, ஆஃபர் இந்த மாதத்தோடு முடிகிறதே என்று அவசரப்படுத்துகிறார்களா? போகட்டும். அடுத்த மாதமும் முகூர்த்தம் வரும், ஆஃபரும் வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லட்சங்கள் திரும்பி வராது.